கிராஃபிங் கால்குலேட்டர் வாங்கப் போகிறீர்களா? பெங்களூரு மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

அவென்யூ ரோட்டு ஸ்டேஷனரி கடையில் போய் "கிராஃப் போடுற கால்குலேட்டர் இருக்கா?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டரைத்தான் எடுத்து நீட்டுவார்கள். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. அவரிடம் வருகிற மாணவர்களில் பலருக்கும் தேவை அதுதான். கிராஃபிங் கால்குலேட்டர் வேறு சாதி. பெரிய திரையில் சார்பின் வரைபடத்தைப் போட்டுக் காட்டும், அந்தக் கோட்டின் மீதே மூலம், உச்சம், வெட்டுப்புள்ளி, பரப்பு எல்லாவற்றையும் கண்டுபிடித்துத் தரும், புள்ளியியல் பட்டியல்களை உள்ளே வைத்திருக்கும், புரோகிராமும் எழுதலாம். விலையும் சயின்டிஃபிக்கைப் போல ஐந்து, பத்து மடங்கு.

அதனால் "எது நல்ல மாடல்?" என்று ஆரம்பிக்காதீர்கள். "எந்தத் தேர்வு அறைக்குள் இதைக் கொண்டு போகப் போகிறோம்?" என்று ஆரம்பியுங்கள். வீட்டில் படிக்க மட்டும் என்றால் கையில் இருக்கும் போனே போதும். பணம் கொடுத்து வாங்குவது தேர்வு மேசையின் மேல் வைப்பதற்காக.

படி 1: தேர்வு விதியைப் பாருங்கள்

சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வில் கால்குலேட்டருக்கே இடமில்லை. ஜே.இ.இ. மெயின், ஜே.இ.இ. அட்வான்ஸ்டு, நீட், கர்நாடகத்தின் கே.சி.இ.டி. ஆகியவற்றிலும் அப்படியே. இந்த வழியில் போகும் பிள்ளைக்குக் கிராஃபிங் கால்குலேட்டர் வாங்கிக் கொடுப்பது கைக்கணக்கின் வேகத்தைக் கெடுக்கும் செலவு. பணம் மிச்சம் என்று அடுத்த வேலையைப் பாருங்கள்.

பொறியியல் கல்லூரியில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். "இன்ஜினியரிங் ஆச்சே, பெரிய கால்குலேட்டர் வேண்டாமா?" என்று சொந்தக்காரர் யாராவது வெளிநாட்டிலிருந்து டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் (டிஐ) நிறுவனத்தின் டிஐ-84 கிராஃபிங் கால்குலேட்டர் ஒன்றை அனுப்பி வைப்பார். வி.டி.யு. போன்ற பல்கலைக்கழகத் தேர்வுகளில் பொதுவாக அனுமதிப்பது புரோகிராம் எழுத முடியாத சயின்டிஃபிக் கால்குலேட்டரை மட்டும்தான். கிராஃபிங் கால்குலேட்டர் எல்லாமே புரோகிராம் எழுதக்கூடியவை. மேற்பார்வையாளர் பார்த்ததும் வாங்கி வைத்துவிடுவார். எம்.டெக். சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்விலோ எந்தக் கால்குலேட்டரையும் உள்ளே கொண்டு போக முடியாது. திரையிலேயே ஒரு மெய்நிகர் கால்குலேட்டர் வரும், மவுஸால்தான் அழுத்த வேண்டும். அதற்குப் பயிற்சி எடுப்பதே புத்திசாலித்தனம்.

இவர்களுக்கு வேண்டியது கேசியோ எஃப்எக்ஸ்-991 வரிசையில் ஒன்று. 991ஈஎஸ் பிளஸ் மூன்று மாறிகள் உள்ள சமன்பாட்டுத் தொகுதியையும், முப்படிச் சமன்பாட்டையும், 3×3 அணிகளையும், கலப்பெண்களையும், எண்வழித் தொகையீட்டையும் செய்யும். அதற்கடுத்து வந்த 991ஈஎக்ஸ் நான்கு மாறிகள், நாற்படிச் சமன்பாடு, 4×4 அணிகள் வரை போகும், விரிதாளும் உண்டு. கியூஆர் குறியீடு ஒன்றைத் திரையில் காட்டும்; போனில் ஸ்கேன் செய்தால் வரைபடம் போனில் விரியும். இப்போது கடைகளில் அந்த இடத்தில் இருப்பது 991சிடபிள்யூ. அதன் பொத்தான் அமைப்பு பழைய 991-களிலிருந்து நன்றாகவே மாறியிருக்கிறது. சீனியர்கள் சொல்லித்தரும் "ஷிஃப்ட் போட்டு இதை அழுத்து" வகைக் குறுக்குவழிகள் அதில் அப்படியே வேலை செய்யாது. விலை குறைவென்று 82எம்எஸ் வாங்கிவிடாதீர்கள். அதில் அணியும் இல்லை, கலப்பெண்ணும் இல்லை, சமன்பாடு தீர்க்கும் வசதியும் இல்லை. எலக்ட்ரிக்கல் மாணவருக்கு இரண்டாவது வாரத்திலேயே கை கட்டிப்போகும்.

வணிகம் படிப்பவர்களுக்கு ஒரு வரி. சி.ஏ. தேர்வில் 12 இலக்க எளிய கால்குலேட்டர்தான். சி.எஃப்.ஏ. எழுதப் போகிறவர்களுக்கு அனுமதி டிஐ பிஏ-2 பிளஸ், எச்பி 12சி ஆகிய நிதிக் கால்குலேட்டர்களுக்கு மட்டும். கிராஃபிங் ரகம் இரண்டிலும் உதவாது.

சரி, உண்மையில் யாருக்கு வேண்டும்?

ஐ.பி. (இன்டர்நேஷனல் பக்கலாரியேட்) டிப்ளமா மாணவர்களுக்கு. சர்ஜாபூர், ஒயிட்ஃபீல்டு, எலஹங்கா பக்கத்து இன்டர்நேஷனல் பள்ளிகளில் நம் பிள்ளைகள் நிறையப் பேர் இதைப் படிக்கிறார்கள். கணிதத்தில் 'அனாலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ்' எடுத்தால் முதல் தாளில் கால்குலேட்டர் கூடாது, இரண்டாம் தாளில் கிராஃபிங் கால்குலேட்டர் கட்டாயம். உயர்நிலை எடுத்தவர்களுக்கு மூன்றாம் தாளிலும். 'அப்ளிகேஷன்ஸ் அண்ட் இன்டர்பிரடேஷன்' எடுத்தால் எல்லாத் தாளிலும் வேண்டும். இரண்டாவதை எடுத்த பிள்ளைக்குக் கால்குலேட்டர் பேனாவைப் போல அன்றாடப் பொருள். அங்கே சிக்கனம் பார்க்கலாம், தள்ளிப்போடக் கூடாது.

கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில் கவனம் தேவை. ஐ.ஜி.சி.எஸ்.இ.-யில் பாட எண் 0607, அதாவது இன்டர்நேஷனல் மேதமேட்டிக்ஸ், கிராஃபிங் கால்குலேட்டர் கேட்கும். பாட எண் 0580 கேட்காது, சயின்டிஃபிக் போதும். மேலே ஏ லெவல் 9709-க்குப் போனால் கிராஃபிங் கால்குலேட்டருக்குத் தடை. பத்தாம் வகுப்பில் கட்டாயமாக இருந்த பொருள் பன்னிரண்டாம் வகுப்பில் வெளியே வைக்க வேண்டிய பொருளாகிவிடும். 0607-க்காக மட்டும் வாங்குகிறவர்கள் பழையதை வாங்குவதே மேல்.

அமெரிக்கத் தேர்வுகளில் நிலைமை மாறிவிட்டது. எஸ்.ஏ.டி. இப்போது கணினியில், தேர்வு எழுதும் ப்ளூபுக் செயலிக்குள்ளேயே டெஸ்மாஸ் கிராஃபிங் கால்குலேட்டர் இருக்கிறது. எஸ்.ஏ.டி.க்காக மட்டும் ஒன்றை வாங்க வேண்டாம். ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) கால்குலஸில் சில பகுதிகளுக்குக் கிராஃபிங் கால்குலேட்டர் கட்டாயம். அங்கேயும் ப்ளூபுக்கில் டெஸ்மாஸ் வந்துவிட்டது என்றாலும், கையில் பழகிய கருவி இருக்கும் மாணவருக்கு வேகம் கூடும். ஏ.பி. எதிர்பார்ப்பது நான்கு வேலைகள்: கேட்ட எல்லைக்குள் வரைபடம் போடுவது, மூலம் காண்பது, ஒரு புள்ளியில் வகையீட்டின் மதிப்பு, வரையறுத்த தொகையீட்டின் மதிப்பு. இந்த நான்கையும் விலை குறைந்த கறுப்புவெள்ளை மாடலும் செய்யும்.

இதோடு ஒரு எச்சரிக்கை. சிஏஎஸ் என்ற மூன்றெழுத்தைக் கால்குலேட்டரின் முகப்பில் கண்டால் நின்று யோசியுங்கள். அது இயற்கணிதத்தைத் தானே சுருக்கி, எழுத்து வடிவிலேயே விடை தரும் ரகம். ஐ.பி.யில் அனுமதி இல்லை, இன்னொரு அமெரிக்க நுழைவுத் தேர்வான ஏ.சி.டி.யிலும் இல்லை, எஸ்.ஏ.டி.யும் 2025 ஆகஸ்டிலிருந்து தடை செய்துவிட்டது. ஏ.பி. கால்குலஸ் மட்டும் ஏற்கிறது. டிஐ-89, என்ஸ்பயர் சிஎக்ஸ்-2 சிஏஎஸ், கேசியோ கிளாஸ்பேட் ஆகியவை இந்த வகை. டிஐ-89-இன் முகப்பில் அந்த எழுத்து இருக்காது, உள்ளே இருக்கிறது. "அமெரிக்காவில் அண்ணன் பயன்படுத்தியது, சும்மா கிடைக்குது" என்று வருவது பல வீடுகளில் இதுதான்.

படி 2: ஆசிரியர் எந்தக் கருவியில் பாடம் நடத்துகிறார்?

விதி பார்த்தாகிவிட்டது; இனி மாடல்தானே என்று நினைப்பீர்கள். இல்லை, முதலில் வகுப்பைக் கேளுங்கள். டிஐ-84-இல் மூலம் காண 'செகண்டு' பொத்தானும் 'டிரேஸ்' பொத்தானும் அழுத்தி, பட்டியலில் 2-ஐத் தேர்ந்து, இடது எல்லை, வலது எல்லை, உத்தேச மதிப்பு என்று மூன்று தடவை பதில் சொல்ல வேண்டும். கேசியோவில் 'ஷிஃப்ட்' போட்டு எஃப்5, பிறகு எஃப்1. மூலம் வந்துவிடும், வலது அம்பை அழுத்தினால் அடுத்த மூலம். விடை ஒன்றுதான், வழி வேறு. ஆசிரியர் பலகையில் டிஐ திரையைக் காட்டி நடத்தும்போது வகுப்பில் ஒருவர் மட்டும் கேசியோ வைத்திருந்தால், அவர் ஒவ்வொரு பாடத்தையும் யூடியூப்பில் இன்னொரு முறை படிக்க வேண்டியிருக்கும். தானாகவே கையேட்டைப் புரட்டிப் பழகும் பிள்ளை என்றால் பாதி விலையில் கேசியோ வாங்கலாம். கணக்கு என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளைக்கு வகுப்பில் எது ஓடுகிறதோ அதையே வாங்குங்கள்.

பள்ளியின் ஐ.பி. ஒருங்கிணைப்பாளரிடம் அனுமதிப் பட்டியலைக் கேட்டு, மாடல் பெயரை எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். கேசியோ 9750 வரிசையில் ஜி எழுத்துக்குப் பின்னால் இரண்டு கோடும் (II) உண்டு, மூன்று கோடும் (III) உண்டு. இரண்டு கோடு பழையது. பைதான் மொழியில் புரோகிராம் எழுத முடியாது, வேகமும் குறைவு. ஆன்லைனில் படம் ஒன்றாகவும் தலைப்பு ஒன்றாகவும் போட்டு விற்கிறார்கள். பெட்டி வந்ததும் கோடுகளை எண்ணுங்கள்.

படி 3: மாடலைத் தேர்ந்தெடுங்கள்

விலை ஏறுவரிசையில் சொல்கிறோம். இந்தியாவில் இவற்றின் விலை இறக்குமதியாளரைப் பொறுத்து வாரத்துக்கு வாரம் ஆடும். வரிசை மட்டும் பெரிதாக மாறாது.

அடிமட்டத்தில் கேசியோ எஃப்எக்ஸ்-9750ஜி-3, அதாவது மேலே சொன்ன மூன்று கோட்டு மாடல். 2020-இல் வந்தது. கறுப்புவெள்ளைத் திரை, 128×64 புள்ளிகள். நான்கு டிரிபிள்-ஏ செல். பைதான் உண்டு, தேர்வின்போது சில வசதிகளைப் பூட்டிவைக்கும் தேர்வுப் பயன்முறையும் உண்டு. இரண்டு வளைவுகள் நெருங்கி ஓடினால் எது எது என்று கண்ணுக்குத் தெரியாது. அது ஒன்றுதான் உண்மையான குறை. கணக்கில் குறை இல்லை. பணம் முக்கியம் என்றால் இதற்கு மேல் போக வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து.

அடுத்து கேசியோ எஃப்எக்ஸ்-சிஜி50. வண்ணத் திரை, 384×216 புள்ளிகள், முப்பரிமாண வரைபடமும் போடும். இதுவும் நான்கு டிரிபிள்-ஏ செல்லில் ஓடுகிறது. செல் மாற்றியதும் ஆல்கலைனா, ரீசார்ஜ் ரகமா என்று திரையில் கேட்கும். சரியாகச் சொல்லாவிட்டால் பேட்டரி அளவு பொய் காட்டும். ஐ.பி. உயர்நிலை மாணவருக்கு இரண்டு வருடம் கண்ணுக்கு இதமாக இருக்கும். பட்ஜெட் இடம் கொடுத்தால் எங்கள் முதல் பரிந்துரை.

டிஐ-84 பிளஸ் சிஇ இவற்றைவிட விலை அதிகம். வண்ணத் திரை 320×240, உள்ளே ரீசார்ஜ் ஆகும் லித்தியம் பேட்டரி. அமெரிக்கப் பள்ளிகள் முழுக்க இதைச் சுற்றியே பாடம் நடத்துவதால், பயிற்சி வீடியோவுக்குப் பஞ்சமில்லை. அதுதான் இதன் பெரிய பலம். கருவி தன்னளவில் சிஜி50-ஐ மிஞ்சியது என்று சொல்ல முடியாது. இந்த ஒன்றின் விலையில் 9750-உம் கல்லூரிக்கு ஒரு 991-உம் வாங்கிவிடலாம்.

உச்சியில் டிஐ-என்ஸ்பயர் சிஎக்ஸ்-2. வேகமானது, கணினி போலக் கோப்புகளும் பக்கங்களும் உண்டு. பழக ஒரு மாதம் ஆகும். ஆசிரியர் அதில் நடத்தினால் மட்டும் வாங்குங்கள். சிஏஎஸ் இல்லாத பதிப்பா என்று பார்த்து வாங்குங்கள். நம்வொர்க்ஸ் என்ற பிரெஞ்சுக் கருவி எளிமையில் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும், ஆனால் பெங்களூரில் கடையில் பார்த்து வாங்குவது கடினம்.

கல்லூரிக்கு அமெரிக்கா போகும் திட்டம் இருப்பவர்கள் இங்கே அவசரப்பட்டு விலை உயர்ந்ததை வாங்க வேண்டாம். அங்கே பல கணிதத் துறைகள் முதலாண்டு கால்குலஸ் தேர்வில் கால்குலேட்டரையே அனுமதிப்பதில்லை. பாடத்திட்டத் தாள் கைக்கு வந்த பிறகு முடிவு செய்யலாம்.

படி 4: எங்கே வாங்குவது?

சயின்டிஃபிக் ரகத்துக்கு அவென்யூ ரோடும் சிக்பேட்டையும். பசுமை வழித்தட மெட்ரோவில் சிக்பேட்டை நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம். அல்சூர் பக்கமிருந்து வருபவர்கள் மெஜஸ்டிக்கில் மாறிக்கொள்ளலாம். எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் சந்தை. அங்கே கிராஃபிங் கால்குலேட்டரைவிட அதற்கு வேண்டிய கேபிள், செல் இவைதான் நன்றாகக் கிடைக்கும். கன்னடமோ தமிழோ இந்தியோ, பேரம் எதிலும் நடக்கும். பில் மட்டும் கேட்டு வாங்குங்கள். "பில் வேண்டாம்னா இருநூறு குறைச்சுக்கலாம்" என்பார்கள்; அந்த இருநூறில் உத்தரவாதம் போய்விடும்.

991-இல் போலி உண்டு. பெட்டியில் இந்திய இறக்குமதியாளரின் பெயர், எம்.ஆர்.பி. ஒட்டு, உத்தரவாத அட்டை மூன்றும் இருக்க வேண்டும். 991ஈஎஸ் பிளஸில் 'ஷிஃப்ட்' பொத்தானையும் 7-ஐயும் அழுத்திப் பிடித்துக்கொண்டு 'ஆன்' அழுத்தினால் சுய பரிசோதனைத் திரை வரும். வரவில்லை என்றால் வைத்துவிட்டு வாருங்கள். எழுத்துகள் பொத்தானில் கொஞ்சம் கோணலாக அச்சாகியிருப்பதும், பொத்தான் அழுத்தத்தில் சீரில்லாமல் இருப்பதும் போலியின் வழக்கமான அடையாளங்கள்.

கிராஃபிங் ரகம் பெரும்பாலும் ஆன்லைனிலோ, ஆர்டர் கொடுத்து வரவழைத்தோ வாங்க வேண்டிவரும். விற்பவர் பெயர், திருப்பிக் கொடுக்கும் காலம், உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்ற மூன்றையும் பணம் கட்டும் முன் படியுங்கள். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்ததற்கு இங்கே சர்வீஸ் கிடைக்கும் என்று நம்பாதீர்கள்.

சிக்கனமானது பழையது வாங்குவதுதான். ஐ.பி. தேர்வு மே மாதத்தில் முடிகிறது, முடிவு ஜூலை முதல் வாரத்தில் வருகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் கால்குலேட்டரைக் கைவிடும் காலம் அது. பள்ளியின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலும் அடுக்குமாடிக் குடியிருப்புக் குழுவிலும் மே கடைசியிலிருந்து கேட்க ஆரம்பியுங்கள். ஆகஸ்டு வந்தால் எல்லோரும் தேடுவார்கள், விலை ஏறிவிடும். கறுப்புவெள்ளை மாடலுக்குப் புதியதன் விலையில் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். வண்ண மாடலுக்கு அறுபது சதவீதம் வரை தரலாம், அதுவும் கீழே சொல்லும் சோதனையில் தேறினால்.

படி 5: கையில் வாங்கிப் பத்து நிமிடச் சோதனை

புதியதோ பழையதோ, இதைச் செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள். நான்கு புதிய டிரிபிள்-ஏ செல் கையோடு கொண்டு போங்கள். விற்பவரின் செல் தீர்ந்துபோயிருப்பது தற்செயலாகவும் இருக்கலாம்.

முதலில் செல் அறையைத் திறங்கள். ஸ்பிரிங்கில் வெள்ளை அல்லது பச்சைப் பொடி இருந்தால் பழைய செல் கசிந்திருக்கிறது. லேசாக இருந்தால் வினிகர் நனைத்த பஞ்சால் துடைக்கலாம். பொடி உள்பக்கம் நோக்கிப் போயிருந்தால் போர்டுக்கும் போயிருக்கும், வேண்டாம். கறுப்புவெள்ளை டிஐ-84 பிளஸில் நான்கு டிரிபிள்-ஏ தவிர நினைவகத்துக்கென ஒரு சிறிய பட்டன் செல் தனி மூடிக்குள் இருக்கும். அது செத்திருந்தால், செல் மாற்றும்போதெல்லாம் உள்ளே வைத்தவை அழியக்கூடும்.

பிறகு திரை. முழு வரிசையோ முழு நெடுவரிசையோ காணாமல் போயிருக்கிறதா பாருங்கள். பழைய டிஐ மாடல்களில் திரைக்குப் போகும் நாடா கேபிள் ஒட்டு விடுவதுதான் காரணம். திரையின் ஓரத்தை மெல்ல அழுத்தும்போது கோடு வந்து வந்து போனால் அதே நோய். சரிசெய்யும் செலவுக்கு வேறு வாங்கலாம்.

எல்லாப் பொத்தானையும் ஒருமுறை அழுத்துங்கள். அதிகம் தேய்வது அம்புக்குறிகள், 'என்டர்' அல்லது 'எக்ஸ்இ', அழிக்கும் பொத்தான். ஒருமுறை அழுத்தினால் இரண்டு எழுத்து விழுந்தால் அதுவும் கோளாறுதான்.

இனிக் கணக்கு. வரைபடப் பகுதியில் எக்ஸ்³ − 3எக்ஸ் என்று உள்ளிட்டு வரையுங்கள். கேசியோவில் 'ஷிஃப்ட்' எஃப்3, பிறகு எஃப்1 போட்டுத் தொடக்க எல்லைக்கு வந்துவிடுங்கள். டிஐயில் 'ஜூம்' 6. வளைவு எக்ஸ் = −1-இல் உயரம் 2 வரை ஏறி, எக்ஸ் = 1-இல் −2 வரை இறங்க வேண்டும். மூலங்கள் 0, 1.7320508, அதன் எதிர்மதிப்பு. பூச்சியத்துக்குப் பதில் 2 என்று ஆரம்பித்துக் கடைசியில் இ−13 என்று காட்டினால் பயப்படாதீர்கள். அது பூச்சியம்தான், எண்வழிக் கணக்கின் எச்சம். விடைத்தாளில் அப்படியே எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் உண்டு.

அடுத்து, 4 ÷ (1 + எக்ஸ்²) என்பதை 0 முதல் 1 வரை தொகையிடச் சொல்லுங்கள். 3.14159 வர வேண்டும். கடைசியாக சைன் எக்ஸ். அலை வராமல் கிடைக்கோடு போலத் தெரிந்தால் கருவி பழுது இல்லை, டிகிரியில் இருக்கிறது. எக்ஸ் 6.3 வரை போனாலும் டிகிரியில் சைன் 0.11-ஐத் தாண்டாது. ரேடியனுக்கு மாற்றினால் அலை வந்துவிடும்.

பழைய டிஐயில் எந்த வரைபடம் போட்டாலும் பரிமாணம் பொருந்தவில்லை அல்லது பரிமாணம் செல்லாது என்று பிழை காட்டினால், முந்தையவர் புள்ளியியல் வரைபடத்தை அணைக்காமல் விட்டிருக்கிறார். 'செகண்டு', 'ஒய் =' அழுத்தி, 4-ஐத் தேர்ந்து 'என்டர்' கொடுத்தால் போய்விடும். இந்தப் பிழைக்குப் பயந்து விற்பவர் விலையைக் குறைத்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

சிஇ, என்ஸ்பயர் போன்ற ரீசார்ஜ் மாடல்களில் சார்ஜரை எடுத்துவிட்டு இதையெல்லாம் செய்யுங்கள். பத்து நிமிடத்தில் பேட்டரி குறி ஒரு படி இறங்கினால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. மாற்றுப் பேட்டரி உண்டு என்றாலும் டிரிபிள்-ஏ போலத் தெருமுனைக் கடையில் கிடைக்காது.

படி 6: வீட்டுக்கு வந்த பிறகு

முதல் வேலை, உள்மென்பொருளைப் புதுப்பிப்பது. இரண்டு நிறுவனங்களும் இலவசமாகத் தருகின்றன. கேசியோவும் டிஐ-84 வகைகளும் மினி-யுஎஸ்பி கேட்கும்; பழைய டிஜிட்டல் கேமராவில் வந்த அந்தக் குட்டை முனை. எஸ்.பி. ரோட்டில் வாங்கும்போது தரவு கடத்தும் கேபிளா என்று கேளுங்கள். சார்ஜ் மட்டும் ஆகும் கேபிளை மாட்டிவிட்டுக் கணினி கால்குலேட்டரைப் பார்க்கவில்லை என்று மணிக்கணக்கில் போராடுவது வழக்கமான கதை. புதுப்பிக்கும்போது செல் புதியதாக இருக்கட்டும். பாதியில் நின்றால் கருவி எழவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

இரண்டாவது, தேர்வுப் பயன்முறை. கேசியோவில் அணைத்த நிலையில் 'காஸ்' பொத்தானையும் 7-ஐயும் பிடித்துக்கொண்டு 'ஏசி/ஆன்' அழுத்த வேண்டும்; திரையில் மினுக்கும் குறி ஒன்று வரும். டிஐ-84-இல் அணைத்த நிலையில் இடது, வலது அம்புகளைப் பிடித்துக்கொண்டு 'ஆன்'. வெளியே வர கேசியோவைக் கணினியோடு இணைக்கலாம், அல்லது 12 மணி நேரம் காத்திருக்கலாம். மாதிரித் தேர்வுக்கு முன்பே இரண்டு மூன்று தடவை உள்ளே போய் வெளியே வந்து பழகட்டும். தேர்வு நாளில் முதல்முறையாகச் செய்து, எந்தெந்த வசதி பூட்டிக்கொள்ளும் என்று தெரியாமல் திகைப்பது தேவையில்லாத பதற்றம்.

மூன்றாவது, பொத்தான்களின் குணத்தைப் புரிந்துகொள்வது. எதிர்மறைக் குறிக்கும் கழித்தலுக்கும் தனித்தனிப் பொத்தான். டிஐயில் மாற்றி அழுத்தினால் பிழை வரும். −3² என்றால் −9 தான் வரும். 9 வேண்டுமென்றால் அடைப்புக்குறி போட வேண்டும். 6 ÷ 2(1 + 2) என்று அடித்தால் டிஐ-84 விடை 9 என்றும், கேசியோ 991ஈஎஸ் பிளஸ் விடை 1 என்றும் சொல்லும். இரண்டும் தத்தம் விதிப்படி சரி. பெருக்கல் குறியை மறைக்காமல் எழுதினால் சண்டையே இல்லை.

வட்டம் முட்டை போலத் தெரிந்தால் எல்லை விகிதம் சரியில்லை. டிஐயில் 'ஜூம்' 5 அதைச் சரிசெய்யும். (எக்ஸ் − 2)² போல அச்சைத் தொட்டுவிட்டுத் திரும்பும் வளைவில் டிஐ மூலத்தைக் காணாமல், குறி மாறவில்லை என்று சொல்லும். அங்கே சிறும மதிப்பைக் கேளுங்கள், அதே புள்ளி கிடைக்கும். வெற்றுத் திரை வந்தால் வரைபடம் இல்லை என்று அர்த்தமில்லை, எல்லைக்கு வெளியே இருக்கிறது. முதலில் அட்டவணையைத் திறந்து ஒய் மதிப்புகள் எந்த அளவில் ஓடுகின்றன என்று பார்த்துவிட்டு எல்லையை வையுங்கள். கருவி வாங்கியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். டெஸ்மாஸில் விரலால் இழுத்துப் பழகிய பிள்ளைக்கு எல்லையை எண்ணால் சொல்வது முதலில் எரிச்சலாக இருக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

படி 7: பராமரிப்பும் மறுவிற்பனையும்

நான்கு செல்லையும் ஒரே நேரத்தில், ஒரே ரகத்தில் மாற்றுங்கள். பழையதும் புதியதும் கலந்தால் கசிவது அப்படித்தான். கோடை விடுமுறையில் தொடாமல் கிடக்கப் போகிறதென்றால் செல்லைக் கழற்றிவிடுங்கள். அதற்கு முன் புரோகிராம்களைக் கணினியில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். தேர்வன்று பையில் நான்கு புதிய செல்லும், சிஇ வைத்திருப்பவர் என்றால் முந்தைய இரவே முழு சார்ஜும். மழைக்காலத்தில் பைக்குள் நனைந்துவிட்டால் உடனே ஆன் செய்து பார்க்காதீர்கள். செல்லை எடுத்துவிட்டு, மூடியைத் திறந்து, காற்றோட்டமான இடத்தில் இரண்டு நாள் கிடக்கட்டும்.

இரண்டு வருடம் கழித்து விற்கும்போது தேர்வுப் பயன்முறையிலிருந்து வெளியே எடுத்து, நினைவகத்தை முழுதாக அழித்து, பில்லையும் பெட்டியையும் சேர்த்துக் கொடுங்கள். டிஐயில் 'செகண்டு', '+', 7. கேசியோவில் 'சிஸ்டம்' பகுதியில் எஃப்5. மேலே சொன்ன பத்து நிமிடச் சோதனையை வாங்க வருபவர் முன்னால் நீங்களே செய்து காட்டினால் பேரம் சீக்கிரம் முடியும்.